சிவகிரிக்குப் போன பழ வண்டி

பிச்சுமணியின் ஆம்னி வண்டியைக் கண்ணால் பார்ப்பதற்கு முன்பே காதால் கேட்டுவிடலாம். சாயங்காலம் குற்றாலத்தில் கடையைக் கட்டிவிட்டுத் தென்காசியைத் தாண்டி, குத்துக்கல்வலசை திருப்பத்தில் அவர் வளையும்போதே எதிர்வீட்டு ஜாஹிரா பீவி அடுப்பைத் தணித்துவிட்டு வாசலுக்கு வந்துவிடுவார். விற்காமல் மீந்த ரம்புட்டான் ஏதாவது கிடைக்குமா என்று பார்க்கத்தான். பதினான்கு வருஷமாக அந்தத் தெருவுக்கு மணி அடித்துக்கொண்டிருப்பது அந்த வண்டியின் சைலன்சர்தான்.

பிச்சுமணிக்கு ஐம்பத்தாறு வயது. ஐந்தருவிக்குப் போகிற சாலையோரத்தில் பழக்கடை. சாரல் விழுகிற மூன்று மாதமும் மங்குஸ்தான், ரம்புட்டான், துரியன் என்று மலைப்பழ வியாபாரம். அருவியில் தண்ணீர் குறைந்து கூட்டம் கலைந்ததும் கொய்யாவையும் மாதுளையையும் ஏற்றிக்கொண்டு அச்சன்புதூர் பக்கம் தெருத்தெருவாகப் போவார். கோபம் வராத மனிதர். விலை பேசுகிறவர்களிடம் ஒரு வார்த்தை கூடப் பேசமாட்டார், இரண்டு பழத்தைக் கூடப் போட்டு அனுப்பிவிடுவார். ஆனால் வீட்டில் எது பழுதானாலும் வேறு ஒருத்தர் கை வைக்கக்கூடாது. மிக்ஸி, குழாய், மின்விசிறி எல்லாவற்றையும் அவரே பிரித்து அவரே மாட்டுவார். எல்லாம் ஓடும், ஆனால் ஒரு மாதிரி ஓடும். மிக்ஸியை இடது கையால் அழுத்திப் பிடித்தால்தான் சுற்றும், குழாயைத் திருகும்போது கூடவே ஒரு தட்டும் தட்ட வேண்டும். தெருவில் அதற்குப் பிச்சுமணி ரிப்பேர் என்றே பெயர்.

அவருக்கு ஒரே மகள், உமாராணி. சிவகிரியில் கட்டிக்கொடுத்து மூன்று வருஷம் ஆகிறது. மாப்பிள்ளை முத்துச்செல்வம் ராணுவத்தில் இருக்கிறான், வருஷத்துக்கு இரண்டு தடவை வந்து போவான். முதல் வருஷம் குழந்தை இல்லை, இரண்டாம் வருஷமும் இல்லை. குற்றாலத்துப் பழக்கடைக்காரருக்கு அப்போது என்ன தோன்றும்? பிள்ளை வரம் வேண்டி வருகிறவர்கள் எங்கெங்கிருந்தோ வந்து துரியன் பழத்தை வாங்கிப் போவதைப் பாதி ஆயுள் பார்த்தவர் அவர். சாப்பிட்டால் உண்டாகுமா என்று கேட்பவர்களிடம், உண்டாகும் என்றும் சொல்லமாட்டார், உண்டாகாது என்றும் சொல்லமாட்டார். மகள் விஷயம் என்று வந்ததும் அந்த நடுநிலையெல்லாம் போய்விட்டது. துரியன் இறங்கிய நாள் முதல் வாராவாரம் இரண்டு பழத்தை வண்டியில் வைத்துக்கொண்டு சிவகிரிக்கு ஓடினார். மூக்கைப் பிடித்துக்கொண்டு உமாராணியும் தின்றாள்.

துரியன் வாடை லேசுப்பட்டதல்ல. வண்டியில் ஒரு பழம் ஒரு மணி நேரம் இருந்தால் வாடை ஒரு வாரம் இருக்கும். போன வருஷம் ஒரு நாள் அவர் சிவகிரியில் போய் இறங்கும்போது சம்பந்தி சங்கிலிப்பாண்டி நாலு பேரோடு வாசலில் நின்றுகொண்டிருந்தார். தென்னந்தோப்பும் எலுமிச்சைத் தோட்டமும் உள்ள மனிதர். குரலே அதிகாரமாக இருக்கும்.

"வாங்க சம்பந்தி. நீங்க வாசுதேவநல்லூர் தாண்டும்போதே இங்கன சத்தமும் வந்துட்டு, வாடையும் வந்துட்டு. போன் பண்ணிச் சொல்லவே வேண்டாம்" என்றார்.

நாலு பேரும் சிரித்தார்கள். பிச்சுமணியும் சிரித்தார். திரும்பி வரும் வழியெல்லாம் அந்தச் சிரிப்பு அவருக்குள் உறுத்திக்கொண்டே இருந்தது.

இப்போது உமாராணிக்கு ஏழாம் மாதம். ஆனி கடைசி ஞாயிற்றுக்கிழமை சிவகிரியில் வளைகாப்பு. வளையல் போட்டு முடித்ததும் பிள்ளையை அம்மா வீட்டுக்கு அழைத்து வர வேண்டும். அடுத்த வாரம் ஆடி பிறந்துவிடும், அப்புறம் நல்ல காரியம் எதுவும் செய்ய முடியாது. எனவே அந்த ஞாயிறை விட்டால் நாள் இல்லை. வாடகைக் கார் பேசலாமா என்று மனைவி இராமலட்சுமி கேட்டபோது போனில் இருந்த மகளே தடுத்துவிட்டாள்.

"வேண்டாம்மா. மத்த கார்ல ஏறுனாலே எனக்குக் குமட்டுது. அப்பாவ நம்ம வண்டிய எடுத்துட்டு வரச் சொல்லு. நான் முன்சீட்டுல உக்காந்து வாரேன்."

இதைக் கேட்ட பிச்சுமணிக்குத் தரையில் கால் பாவவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை சிவகிரித் தெருவில் சத்தமில்லாமல், வாடையில்லாமல் போய் இறங்கி, சங்கிலிப்பாண்டி முகத்துக்கு முன்னால் கதவைத் திறந்து மகளை ஏற்ற வேண்டும். அவருக்கு அந்த வருஷம் வேறு ஆசையே இல்லை.

திங்கட்கிழமை சைலன்சர் போய்விட்டது. சாரல் ஈரத்தில் வருஷா வருஷம் துருப்பிடிப்பதுதான். சீசன் முடிந்ததும் எதையாவது வைத்துக் கட்டுவார், அடுத்த சீசனில் அது விட்டுப்போகும். இந்தத் தடவை ஒரு வேகத்தடையில் ஏறி இறங்கும்போது டமார் என்று ஒரு சத்தம். அதற்கப்புறம் வண்டி போட்ட கூச்சலில் பக்கத்தில் போன பேருந்து ஓட்டுநரே எட்டிப் பார்த்தார்.

மெக்கானிக் மந்திரமூர்த்தி வண்டிக்கு அடியில் தலையை விட்டுப் பார்த்தான்.

"அண்ணாச்சி, பின்னால வளைவுல ரெண்டு விரல் நுழையற அளவுக்கு ஓட்டை. ஆனா குழாய் முழுக்கவே உளுத்துப்போச்சு. மொத்தமா மாத்தணும். சாமான் திருநெல்வேலியில இருந்து வரணும், திங்கக்கிழமை ஆயிரும்."

"ஞாயித்துக்கிழமை வளைகாப்புலே."

"அதுக்கு நான் என்ன செய்யட்டும்? சீசன் நேரம், பதினோரு வண்டி நிக்கி."

வளையலுக்கும் பட்டுச்சேலைக்கும் பலகாரத்துக்கும் போட்டது போக, புதுச் சைலன்சருக்கு என்று பிச்சுமணியிடம் அந்த வாரம் எதுவும் மிச்சமில்லை என்பதும் உண்மை. அதை அவர் மந்திரமூர்த்தியிடம் சொல்லவில்லை. அவனுக்கே புரிந்திருக்கும். சூடு தாங்குகிற பசை டப்பா ஒன்றையும் மூன்று இரும்புக் கிளிப்புகளையும் கையில் கொடுத்தான்.

"தகரத்தைச் சுத்தி இதை வச்சு முறுக்குங்க. தற்காலிகந்தான், பாத்துக்கிடுங்க."

வீட்டுக்கு வந்த பிச்சுமணி, கிடைத்த பசையை வைத்துவிட்டுத் தன் சொந்த வைத்தியத்தைத்தான் முதலில் பார்த்தார். தண்ணீர்த் தொட்டி ஒழுகினால் இரண்டு நிற மாவைப் பிசைந்து அப்புவோமே, அது வீட்டில் அரை உருண்டை கிடந்தது. தொட்டியை அடைத்த மாவு சைலன்சரை அடைக்காதா என்பது அவர் கணக்கு. அப்பினார். காய்ந்தது. வண்டியைக் கிளப்பிப் பத்து நிமிஷத்தில் கருகி, பொரிந்து, பிணவாடை அடித்துக் கீழே விழுந்தது. ஜாஹிரா பீவி ஜன்னலைச் சாத்திக்கொண்டார்.

புதன்கிழமை கடைக்குப் போகவில்லை. ஒழுங்காக உட்கார்ந்து செய்தார். பின்சக்கரத்தை ஜாக்கி வைத்துத் தூக்கி, பத்திரத்துக்கு அடியில் அரிவாள்மனைக் கட்டை அகலத்தில் இரண்டு கல்லை அடுக்கி, கோணியை விரித்துப் படுத்தார். கம்பி பிரஷ்ஷால் துருவைச் சுரண்டினார். சுரண்டச் சுரண்ட ஓட்டை பெரிதாயிற்று. உப்புத்தாளால் தேய்த்து இரும்பின் நிறம் தெரிந்ததும் நிறுத்தினார். காலி நல்லெண்ணெய் டின்னை வெட்டித் தகடாக்கி, குழாயைச் சுற்றி வளைத்துப் பார்த்து, ஓரத்தைச் சுத்தியலால் தட்டி மடக்கினார். ஓட்டையைச் சுற்றிப் பசையைத் தடவி, தகட்டைப் போர்த்தி, இரண்டு பக்கமும் கிளிப்பை மாட்டி முறுக்கினார். மறுநாள் காலை வரை யாரும் வண்டியைத் தொடக்கூடாது என்று உத்தரவு போட்டார். தொட யாரும் இல்லை என்பது வேறு விஷயம்.

வியாழக்கிழமை காலை சாவியைத் திருப்பினார். இன்ஜின் ஓடுகிறதா என்று குனிந்து பார்க்க வேண்டியிருந்தது. அவ்வளவு அமைதி. இராமலட்சுமி சமையலறையிலிருந்து வந்து பார்த்துவிட்டு, "நெசமாவே நீங்கதான் செஞ்சீங்களா?" என்று கேட்டாள். முப்பது வருஷத்தில் அவள் கொடுத்த முதல் பாராட்டு அது.

"என்ன அண்ணாச்சி, வண்டிய வித்துட்டியளோ, சத்தத்தையே காணோம்" என்று எதிர்வீட்டிலிருந்து ஜாஹிரா பீவி கேட்டார்.

"வித்தா உங்ககிட்ட சொல்லாமலா விப்பேன்?" பிச்சுமணிக்குப் பெருமை தாங்கவில்லை.

அன்றைக்கே இராமலட்சுமியின் அக்காவை அழைப்பதற்காக இரண்டு பேரும் அச்சன்புதூர் போனார்கள். நல்ல சாரல். கண்ணாடிகளையெல்லாம் ஏற்றிவிட்டு, வண்டியின் அமைதியை ரசித்தபடி பிச்சுமணி ஓட்டினார். பாதி வழியில் இராமலட்சுமி நெற்றியைப் பிடித்துக்கொண்டாள்.

"தலையைப் பொளக்குதுங்க. குமட்டிட்டு வருது."

"காலையில சாப்பிட்டியாளா?"

"நாலு இட்லி தின்னேனே. எல்லாம் இந்தப் பாழாப்போன துரியந்தான். எத்தனை நாளைக்கு இந்த வாடையில கிடக்க?"

பின்னால் கடைக்கான நாலு துரியன் இருந்தது உண்மைதான். பிச்சுமணிக்கும் தலை கனமாகத்தான் இருந்தது. வண்டி கிளம்பிக் கொஞ்ச நேரத்திலேயே அது ஆரம்பித்திருந்தது. சீசனில் சளி பிடிப்பது வழக்கம், அதனால் சளி என்று நினைத்திருந்தார். இப்போது மனைவியும் சொன்னதும் துரியன்தான் என்று முடிவு செய்துவிட்டார். குற்றாலத்துக்காரர்களுக்கு அது ஒரு வசதி. சாரல் காலத்தில் வண்டியில் எவருக்குத் தலை வலித்தாலும் பழியைப் போட ஒரு பழம் இருக்கிறது.

மாசமாக இருக்கிற பிள்ளைக்கு இந்த வாடை ஆகுமா? வெள்ளிக்கிழமை முழுக்க வண்டியைக் குளிப்பாட்டினார். சீட்டுகளைக் கழற்றி வெயிலே இல்லாத வெயிலில் காயப்போட்டார். எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து தரையைத் துடைத்தார், காப்பித்தூளைத் துணியில் முடிந்து மூலையில் தொங்கவிட்டார், சாம்பிராணி போட்டார். சாயங்காலம் மூக்கை உள்ளே விட்டுப் பார்த்த இராமலட்சுமி, "கோயில் மாதிரி இருக்கு" என்றாள். முன்சீட்டில் மகளுக்காக ஒரு புது மெத்தையை விரித்து வைத்தார் பிச்சுமணி.

சனிக்கிழமை காலை, கடையை உதவிக்கு இருப்பவரிடம் ஒப்படைத்துவிட்டு வரலாம் என்று தனியாகக் கிளம்பினார். சாரல் வலுத்திருந்தது. கண்ணாடி ஏறியிருந்தது. வண்டியில் ஒரு பழமும் இல்லை, சாம்பிராணி வாசனைதான் இருந்தது. தென்காசியைக் கடக்கும்போது நெற்றிப்பொட்டில் ஆரம்பித்தது. குற்றாலம் போய்ச் சேரும்போது கடையின் தார்ப்பாய் இரண்டாகத் தெரிந்தது. இறங்கி ஸ்டூலில் உட்கார்ந்தார். மலைக்காற்று முகத்தில் அடித்தது. ஒரு டீ குடித்தார். கால் மணி நேரத்தில் தலை தெளிந்துவிட்டது.

அவருக்கு எதிரிலேயே துரியன் குவியல் இருந்தது. பழுத்து வெடித்த பழங்கள், ஊருக்கே வீசுகிற வாடை. பிச்சுமணி அதைப் பார்த்தார். இருபது வருஷமாக இதன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன், ஒரு நாளும் தலை வலித்ததில்லையே என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது. உடனே மந்திரமூர்த்திக்குப் போன் போட்டார்.

"வண்டியில புகை எதும் வருதா அண்ணாச்சி?"

"இல்லலே. சத்தமே இல்ல, பூ மாதிரி ஓடுது."

"தலைவலி வண்டியில ஏறுனா மட்டுந்தானா, வீட்லயும் இருக்கா?"

"வண்டியில மட்டுந்தான்."

"கண்ணாடி?"

"சாரல் அடிக்குல்லா. ஏத்தித்தான் வச்சிருக்கேன்."

"சரியாப்போச்சு. சத்தம் இல்லன்னா ஓட்டை இல்லன்னு உங்களுக்கு யாரு சொன்னா? முன்னால இன்ஜின்ல குழாய் சேருற மூட்டு ஒண்ணு இருக்கு. அதுவும் உளுத்திருக்கும். நீங்க பின்னால இறுக்கி அடச்சதும் புகை முன்பக்கம் வழி தேடியிருக்கு. இன்ஜின் எங்க இருக்கு? உங்க சீட்டுக்கு அடியில. அந்த விஷக்காத்து கண்ணுக்கும் தெரியாது, மூக்குக்கும் தெரியாது. கார்ல ஏசியைப் போட்டுட்டுத் தூங்குனவன் எந்திரிக்கலன்னு பேப்பர்ல வரும்லா, அதான் இது."

அதற்கப்புறம் அவன் சொன்னது எதுவும் பிச்சுமணி காதில் விழவில்லை. முன்சீட்டில் விரித்திருந்த புது மெத்தைதான் கண்ணுக்கு முன்னால் நின்றது. சிவகிரியிலிருந்து ஒரு மணி நேரத்துக்கு மேல். சாரல். ஏற்றிய கண்ணாடி. ஏழு மாதப் பிள்ளையோடு உமாராணி. அவள் குமட்டுகிறது என்று சொல்லியிருந்தாலும், மாசமாக இருக்கிறவளுக்குக் குமட்டத்தானே செய்யும் என்று வண்டியை நிறுத்தாமல் ஓட்டியிருப்பார். வாழ்க்கையில் இவ்வளவு பயந்ததில்லை.

எல்லாக் கண்ணாடியையும் இறக்கிவிட்டு, நனைந்துகொண்டே வீட்டுக்கு வந்தார். விஷயத்தை இராமலட்சுமியிடம் சொன்னார். அவள் கத்தவில்லை. அதுவே அவருக்குக் கஷ்டமாக இருந்தது. மந்திரமூர்த்தி சொன்னபடி வெட்டவெளியில் வண்டியை நிறுத்தி, முன்சீட்டைத் தூக்கி வைத்து, சோப்புத் தண்ணீரைக் கரைத்துக்கொண்டார். பின்வழி அடைபட்டால் கசிகிற இடம் தெரியும் என்பதற்காக, இன்ஜினைக் கிளப்பிய கையோடு இராமலட்சுமி ஈரக் கோணியைச் சுருட்டிப் பின்குழாய் வாயில் ஒரு கட்டையால் அழுத்திப் பிடித்தாள். பிச்சுமணி மூச்சைப் பிடித்துக்கொண்டு மூட்டின்மேல் சோப்புத் தண்ணீரைத் தெளித்தார். புளித்த இட்லி மாவு மாதிரி நுரை பொங்கிக்கொண்டு வந்தது.

"தெரியுதா?" என்று பின்னாலிருந்து கேட்டாள்.

"தெரியுது. விடு."

இன்ஜினை அணைத்துவிட்டு இரண்டு பேரும் படியில் உட்கார்ந்தார்கள். மீதிப் பசை டப்பாவில் இருந்தது. இன்னொரு கிளிப்பும் இருந்தது. பிச்சுமணியின் கை தானாகவே அதை எடுத்தது. இராமலட்சுமி பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"இதையும் ஒட்டப் போறியளா?"

அவர் கிளிப்பைக் கையில் உருட்டினார். ஒட்டலாம். ஒட்டி, சோப்புத் தண்ணீர் தெளித்துப் பார்த்து, நுரை வரவில்லை என்றால் நாளைக்குப் போகலாம். சத்தமும் இருக்காது, வாடையும் இருக்காது. சங்கிலிப்பாண்டி வாயைத் திறக்க முடியாது. ஆனால் வீட்டு மிக்ஸியை அவருக்குத் தெரியும். குழாயையும் தெரியும். தன் கை எந்த அளவுக்குச் செய்யும் என்பது அவரைவிட யாருக்கும் நன்றாகத் தெரியாது.

"இல்ல. பிள்ளை இதுல வர வேண்டாம்" என்று கிளிப்பைக் கீழே வைத்தார்.

கோணியும் கட்டையுமாக இருவரும் நின்றதை ஜன்னலில் பார்த்துக்கொண்டிருந்த ஜாஹிரா பீவி தெருவைக் கடந்து வந்தார். விஷயத்தைக் கேட்டு நெஞ்சில் கை வைத்தார்.

"ஞாயித்துக்கிழமை சனோபருக்கு பேங்க் லீவுதான். அவ சின்னக் காரை எடுத்துட்டு வருவா. குமட்டுதுன்னா கண்ணாடிய இறக்கிவிட்டு மெதுவா ஓட்டச் சொல்லுதேன். உமா எங்க வீட்லயும் வளந்தவதான அண்ணாச்சி." சனோபர் அவருடைய மருமகள்.

ஆனால் சின்னக் காரில் சாமான் கொள்ளாது. ஐந்து வகைக் கலவைச் சாதம், பலகாரத் தூக்கு, பழத்தட்டு, வளையல் பெட்டி எல்லாம் பழ வண்டியில்தான் போயாக வேண்டும். பிச்சுமணி மறுபடி மந்திரமூர்த்தியைக் கூப்பிட்டார்.

"நீங்க ஒத்தையில ஓட்டிட்டுப் போங்க. கண்ணாடி ஒண்ணு விடாம இறக்கி வைக்கணும், நனைஞ்சாலும் சரி. வண்டி நின்னா இன்ஜினையும் நிப்பாட்டிரணும். முக்கியமா, பின்னால கட்டுன தகரத்தை அவுத்து எறிங்க. புகை அந்த வழியாவே போவட்டும்."

"அவுத்தா சத்தம் போடுமேலே."

"போடட்டும் அண்ணாச்சி. செத்தா பேச முடியாது."

சனிக்கிழமை சாயங்காலம் பிச்சுமணி மறுபடி கோணியை விரித்துப் படுத்து, புதன்கிழமை முழுக்கப் பாடுபட்டு முறுக்கியதைப் பிரித்தார். நல்லெண்ணெய் டின் தகடு கருகிச் சுருண்டு கையோடு வந்தது. மகளுக்குப் போன் செய்து சொல்லலாம் என்று இரண்டு தடவை எண்ணை அழுத்தி இரண்டு தடவையும் வைத்துவிட்டார். நேரில் சொல்லிக்கொள்ளலாம் என்று தனக்குத்தானே சமாதானம் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை காலை முன்னால் சனோபரின் கார் கிளம்பியது. அதில் இராமலட்சுமியும் அவள் அக்காவும் ஜாஹிரா பீவியும். பின்னால் பழ வண்டி. சாதப் பாத்திரங்களைத் தார்ப்பாய் மூடியிருந்தது, பிச்சுமணியை மூட ஒன்றுமில்லை. கடையநல்லூர், புளியங்குடி, வாசுதேவநல்லூர் என்று ஒவ்வொரு ஊரும் திரும்பிப் பார்த்தது. முன்னைவிட இப்போது ஓட்டை பெரிது, கூச்சலும் பெரிது. சட்டை ஒரு பக்கம் முழுக்க நனைந்து உடம்போடு ஒட்டியது. சிவகிரித் தெருவுக்குள் நுழையும்போது தின்பண்டக் கடையில் நின்றவர்கள் காதைப் பொத்தினார்கள். வீட்டு வாசலில் வெள்ளை வேட்டியில் சங்கிலிப்பாண்டி நின்றார். சுற்றி நாலு பேருக்குப் பதில் நாற்பது பேர். பிச்சுமணி வண்டியை நிறுத்தி, இன்ஜினை அணைத்தார்.

உள்ளே என்ன நடந்தது என்பதைச் சனோபர் பிறகு சொல்லித்தான் அவருக்குத் தெரியும். காரில் வந்தவர்கள் போய் இறங்கியதும் உமாராணி அம்மாவைக் கட்டிக்கொண்டு, அப்பா எங்கே, நம்ம வண்டி எங்கே என்று கேட்டிருக்கிறாள். பின்னால வருதாரு என்றதற்கு, பொய் சொல்லாதீங்க, வண்டிக்கு ஏதோ ஆயிட்டு, கார்ல வந்திருக்கீங்க என்று முகம் வாடிவிட்டதாம். மணையில் உட்கார்ந்த பிறகும் தலை நிமிரவில்லை. தெருமுனையில் அந்தக் கூச்சல் கேட்டதும்தான், "அப்பா வந்துட்டாங்க" என்று சிரித்திருக்கிறாள்.

வேப்பிலைக் காப்பு கட்டி, கை நிறையக் கண்ணாடி வளையல் அடுக்கி, கன்னத்தில் சந்தனம் பூசி, எல்லாம் நல்லபடியாக நடந்தது. கிளம்பும்போது உமாராணி வேப்பங்கொத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நேராகப் பழ வண்டிக்கு வந்தாள். முன்கதவில் கையை வைத்தாள். பிச்சுமணி ஓடிவந்து கதவுக்குக் குறுக்கே நின்றார்.

"இதுல வேண்டாம் தாயி. சனோபர் வண்டியில ஏறு."

"ஏம்பா?"

"என்ன சம்பந்தி, உங்க வண்டிதான வேணும்னு ஒரு வாரமா சொல்லிட்டு இருக்கா?" என்று கேட்டபடி சங்கிலிப்பாண்டியும் வந்துவிட்டார். அவருக்குப் பின்னால் நாற்பது பேர்.

ஏதாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். ராகுகாலம், பிரேக் சரியில்லை, டயர் என்று எத்தனையோ இருக்கிறது. பிச்சுமணி எதையும் தேடவில்லை.

"வண்டிக்குள்ள விஷப்புகை ஏறுது. சைலன்சர் ஓட்டைய நானே வீட்ல வச்சு அடச்சேன். சத்தம் நின்னுட்டு. ஆனா புகை சீட்டுக்கு அடியில வந்திருக்கு. எனக்கும் இவ அம்மாவுக்கும் தலை வலிச்சுது, துரியன் வாடைன்னு நினைச்சு ரெண்டு நாள் ஓட்டியிருக்கேன். நேத்துதான் கண்டுபிடிச்சேன். கொஞ்சம் அசந்திருந்தா, இன்னைக்குப் பிள்ளைய இதுல ஏத்தியிருப்பேன்." கதவை மறித்தபடியே நின்றார். "அதான் அடச்சதப் பிரிச்சுப் போட்டுட்டு வந்தேன். சத்தத்துக்கு எல்லாரும் மன்னிக்கணும்."

யாரும் சிரிக்கவில்லை. சங்கிலிப்பாண்டி வண்டியைச் சுற்றி ஒரு தடவை பார்த்தார். இறக்கிய கண்ணாடிகளையும், சொட்டச் சொட்ட நனைந்திருந்த ஓட்டுநர் சீட்டையும், பிச்சுமணியின் சட்டையையும் பார்த்தார். பிறகு தோளில் கிடந்த பட்டுக்கரைத் துண்டை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

"தலையத் துவட்டுங்க. போற வழியிலயும் நனையணும்லா."

உமாராணி முன்கதவிலிருந்து கையை எடுத்தாள். பிறகு வளையல் குலுங்க சனோபரின் காருக்கு நடந்தாள். ஏறுவதற்கு முன் திரும்பினாள்.

"முன்னால போயிராதீங்கப்பா. எங்க பின்னாலயே வாங்க."

சனோபர் கண்ணாடியை இறக்கிவிட்டு மெதுவாக ஓட்டினாள். பிச்சுமணி சம்பந்தியின் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு, தூரம் விடாமல் பின்தொடர்ந்தார். காலிப் பாத்திரங்கள் பின்னால் உருண்டன. வாசுதேவநல்லூர் தாண்டும்போது முன்காரின் கண்ணாடி வழியே மகளின் தலை இராமலட்சுமியின் தோளில் சாய்வது தெரிந்தது. புளியங்குடியில் அது அசையவே இல்லை. அவருக்குச் சட்டென்று பயம் வந்தது. அது வேறு கார், சனோபரின் கார், ஒரு கோளாறும் இல்லாத கார் என்று இரண்டு தடவை சொல்லிக்கொண்டார்.

கடையநல்லூர் கடைத்தெருவில் நெரிசல். இரண்டு பக்கமும் வண்டிகள் நின்றுவிட்டன. சனோபரின் காருக்கும் அவருக்கும் நடுவில் ஒரு மினி லாரி புகுந்துகொண்டது. நின்ற இடத்தில் இன்ஜினை அணைக்க வேண்டும் என்று மந்திரமூர்த்தி சொன்னது நினைவுக்கு வர, சாவியைத் திருப்பி நிறுத்தினார். தெருவே திடீரென்று அமைதியானது போல் இருந்தது. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது சட்டைப்பையில் போன் அடித்தது. இராமலட்சுமி.

"ஏங்க, எங்கன நிக்கிய?"

"உங்களுக்குப் பின்னாலதான் நிக்கேன். லாரி குறுக்க வந்துட்டு. ஏன், பிள்ளைக்கு எதும் செய்யுதா? தலை வலிக்குதா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல. நல்லா அசந்து தூங்கிட்டு வந்தா. இப்பம் திடீர்னு முழிச்சு உக்காந்துக்கிட்டு, அப்பா வண்டிச் சத்தத்தக் காணோமே, அப்பா எங்கன்னு கேக்கா."

முன்னால் லாரி மெல்ல நகர ஆரம்பித்தது.

"இந்தா, வாரேன்னு சொல்லு" என்று சாவியைத் திருப்பினார்.